கேட்ட பரிகாரம்

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களில் பலர் இன்றும் அதே தெருவில், ஒருவர் வாசலில் இன்னொருவர் கோலம் தெரிகிற தூரத்தில் வசிக்கிறார்கள். மலை மேல் ஒரு கோடைவாசஸ்தலம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் மேயிலும் அந்த ஊரில் மனிதர்களைவிடக் கார்கள் அதிகம். மீதிப் பத்து மாதமும், சொந்தக்காரர்கள் வராத வீடுகள் அதிகம்.

2018 ஜூலையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தம்புச் செட்டித் தெருவில் உள்ள என் அலுவலகத்துக்கு மாடி ஏறி வந்தார். கையில் ஒரு ரெக்ஸின் பை. அதில் 41 காகிதங்கள், தேதிவாரியாக நூல் கோத்துக் கட்டப்பட்டிருந்தன: புகார்கள், ஒப்புகைச் சீட்டுகள், பதிவுத் தபால் ரசீதுகள். முப்பது வருடத் தொழிலில், கட்சிக்காரர் கொண்டுவரும் கட்டை அடுக்கிப் பார்ப்பதிலேயே எனக்கு அரைநாள் போகும். இவர் விஷயத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது படிப்பது மட்டும்தான்.

பக்கத்து வீட்டைச் சமவெளிக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். அதில் அவர் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. மூன்று படுக்கையறை வீட்டைத் தடுப்பு வைத்து ஆறாக்கி, செல்பேசிச் செயலி மூலமும் பேருந்து நிலையப் புரோக்கர்கள் மூலமும் தினவாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இரவென்றால் இருபது பேர், முற்றத்தில் நெருப்பு, பெரிய ஸ்பீக்கர். நாலு பேர் குடும்பத்துக்காகக் கட்டிய செப்டிக் டேங்க் நிரம்பி, சரிவின் கீழே இருந்த டீச்சர் வீட்டுக் கொல்லைக்கு வழிந்தது. ஆனால் அவரை மாடி ஏற வைத்தது அதுவல்ல. இரவு ஒரு மணிக்கு யாராவது அவர் கதவைத் தட்டி, “ஆன்ட்டி, சாவி உங்ககிட்டயா இருக்கு?” என்று கேட்பார்கள். ஒரு சீசனில் பதினேழு முறை. எண்ணி எழுதி வைத்திருந்தார்.

காவல் துறைக்குச் சொன்னால் வருவார்கள், சத்தம் குறையும், ஜீப் வளைவைத் தாண்டியதும் மறுபடி ஏறும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால், அது முறைப்படி பதிவாகி, மலையேறி, எந்த உள்ளாட்சி அலுவலகத்தைப் பற்றிப் புகாரோ அதே அலுவலகத்தின் மேசைக்கு “தக்க நடவடிக்கைக்காக” வந்து சேரும். அங்கிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே எழுத்துபூர்வமான பதில் இது: “எங்கள் ஆவணங்களின்படி மேற்படி கட்டடம் குடியிருப்பு.” அந்த வாக்கியத்தில் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். ஆவணப்படி அது குடியிருப்புதான்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, கட்டடம் எழுப்புவதை மட்டும் கட்டுப்படுத்துவதல்ல. ஒரு கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் அதன் கண்ணில் புதிதாகக் கட்டுவதைப் போன்றதுதான். அதற்கும் முன் அனுமதி வேண்டும். வீட்டுக்கென்று அனுமதி வாங்கிய இடத்தில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் விடுதி நடத்தினாலும் அது விதிமீறல். அனுமதி இல்லை என்றால் நோட்டீஸ் கொடுக்கலாம், பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம், பூட்டி முத்திரையிடலாம். அதிகாரமெல்லாம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லி உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்பதுதான் ரிட் மனு.

மனுவுக்கு முன் ஆதாரம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று விண்ணப்பம் போடச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. பதில்கள் வந்தன. கட்டட வரைபடத்தில் வீடு. சொத்து வரியில் வீடு. மின் இணைப்பும் வீட்டு உபயோகம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உட்பட. வந்து போகிற ஊருக்கெல்லாம் விடுதியாக இருந்த கட்டடம், மூன்று அலுவலகங்களின் பதிவேட்டிலும் வீடாகவே உட்கார்ந்திருந்தது.

மனு எழுத உட்கார்ந்தபோது தொழில்புத்தி ஒன்று சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர் மேல் பக்கத்து வீட்டுக்காரர் போடும் வழக்கு என்றால் நீதிபதிகளுக்கு முதலில் தோன்றுவது வேலித் தகராறு. “சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்” என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அதனால் கோரிய பரிகாரத்தை அகலமாக்கினேன். குறிப்பிட்ட அந்த வீடு என்று எழுதாமல், மேற்படி தெருவில் அனுமதியின்றித் தினவாடகைக்கு விடப்படும், விதிமீறி அமைந்த எல்லா வீடுகள் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அந்த ‘எல்லா’ மூன்றே எழுத்து.

டீச்சர் பிரமாணப் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். விடைத்தாள் திருத்திய விரல் அந்த இடத்தில் போய் நின்றது.

“எல்லா வீடும்னு போட்டிருக்கீங்களே சார்? நம்ம புகார் பக்கத்து வீட்டு மேல மட்டும்தானே?”

“அது கோர்ட் பாஷை டீச்சர். பொதுநோக்கம் இருக்குன்னு காட்டணும்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வழக்கு இரு நீதிபதிகள் அமர்வின் முன் வந்தது. வீட்டுக்காரருக்கு வந்த வழக்கறிஞர் கெட்டிக்காரர். அவர் உண்மையை மறுக்கவே இல்லை. “ஆட்கள் வருகிறார்கள், தூங்குகிறார்கள், சமைத்துச் சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். தூங்குவதும் சமைப்பதும் குடியிருப்புப் பயன்பாடு இல்லையா? பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டால் வீடு. பதினோரு நாளுக்கு விட்டால் விடுதியா? எத்தனையாவது இரவில் வீடு விடுதியாகிறது என்று சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது?” நல்ல கேள்வி. எதிர்த்தரப்பில் இருந்துகொண்டே ரசித்தேன். சிங்கப்பூரில் இந்தக் கேள்வி எழாது. அங்கே 2017 முதல் தனியார் குடியிருப்பைத் தொடர்ச்சியாக 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு 6 மாதம் என்று எண் போட்டே எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட விதியை மீறிய இருவருக்கு 2018 ஏப்ரலில் தலா 60,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விழுந்தது. நம்மிடம் அந்த எண் இல்லை. ‘கணிசமான மாற்றம்’ என்ற சொல் மட்டும் இருக்கிறது. அது கணிசமா இல்லையா என்பதை அதிகாரி தீர்மானிப்பார்.

நான் கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கின் தீர்ப்பைக் கொண்டுபோயிருந்தேன். இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு தளம் கட்டியது, 1994-ல் அரசு விதியைத் தளர்த்திக் கொடுத்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 1995-ல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது எல்லாம் தமிழ்நாடு அறிந்த கதை. அரசியலில் அதன் பின்விளைவுகள் இன்னும் பெரிய கதை. மலையில் விதிமீறலுக்கு இரக்கம் கூடாது என்று வாதாட அதைவிடப் பொருத்தமான தீர்ப்பு கிடையாது என்று நினைத்தேன். மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “அங்கே இடிக்கத் தளம் இருந்தது. இங்கே எதை இடிக்கச் சொல்கிறீர்கள், கட்டிலையா?”

அவையில் சிரிப்பு. ஆனால் உத்தரவு கிடைத்தது. இப்படிப்பட்ட மனுக்களில் வழக்கமாகக் கிடைக்கும் உத்தரவுதான்: மனுதாரரின் புகாரைப் பரிசீலித்து, தெருவில் உள்ள எல்லா வீடுகளையும் ஆய்வு செய்து, சம்பந்தப்பட்ட அனைவருக்கும் வாய்ப்பளித்து, 12 வாரத்துக்குள் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். நான் கேட்டதை நீதிமன்றம் அப்படியே கொடுத்திருந்தது. டீச்சருக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னேன்.

12 வாரம் போனது, ஒன்றும் நடக்கவில்லை. 2019 பிப்ரவரியில் அவமதிப்பு மனு போட்டேன். அவமதிப்பு என்றால் அதிகாரி நேரில் வந்து நிற்க வேண்டியிருக்கும். அது அலுவலகங்களை அசைப்பதைப் போல வேறெதுவும் அசைப்பதில்லை. மார்ச்சில் ஒரு புதன்கிழமை நண்பகலில் நாலு பேர் டேப்புடன் தெருவில் இறங்கினார்கள்.

வாடகைக்கு வருகிறவர்கள் சனிக்கிழமை இரவில் வருகிறார்கள். ஆய்வு புதன்கிழமை பகலில் நடக்கிறது. டீச்சரின் பக்கத்துப் பெரிய வீடு காலியாகப் பளபளவென்று இருந்தது. காவலாளியிடம் கேட்டார்கள், “ஓனரோட சொந்தக்காரங்க எப்பவாச்சும் வருவாங்க” என்றான். எழுதிக்கொண்டார்கள். யார் தங்குகிறார்கள் என்பது டேப்புக்குத் தெரியாது. சுவர் தெரியும். ஆகவே சுவர்களை அளந்தார்கள். மலைத் தெருவில் வரைபடத்தை அங்குலம் பிசகாமல் கட்டிய வீடு எங்கே இருக்கிறது? ஒருவர் குளியலறையை வெளியே தள்ளியிருந்தார், ஒருவர் மாட்டுக்கொட்டகையை அறையாக்கியிருந்தார். 14 வீடுகளில் 9 வீட்டுக்கு நோட்டீஸ். டீச்சருக்கும் ஒன்று: அவர் சமையலறைக்குப் பின்னால், விறகுக்கும் குளிருக்குமாக ஆஸ்பெஸ்டாஸ் போட்டு நீட்டிய ஆறடிக்கு எட்டடி.

எதிர்வீட்டில் ஒரு அம்மாள். கணவர் இறந்தபின் பின்கட்டு அறைகள் இரண்டையும் சீசனில் வருகிறவர்களுக்கு விட்டு, அந்த இரண்டு மாத வரும்படியில் வருடத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர். கேட்டில் அட்டையில் கையால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்: ‘ரூம் உண்டு’. அதிகாரிகள் கேட்டதும், “ஆமாங்க, விடுவேன். ராத்திரிக்கு எண்ணூறு ரூபா. காலைல காபி நானே போட்டுத் தருவேன்” என்று சொல்லி, அவர்களுக்கும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தெரு முழுவதிலும் தினவாடகைக்கு விடுவதை வாக்குமூலமாகவும் எழுத்திலும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். ஆய்வறிக்கையைப் பிறகு படித்தபோது, அந்தப் பத்தி மட்டும் மிகத் தெளிவாக இருந்தது.

ஏப்ரலில் இரண்டு இடத்தில் சீல் வைத்தார்கள். ஒன்று பெரிய வீடு; அதை விட்டுவிட்டு அவமதிப்பு மனுவுக்குப் பதில் சொல்ல முடியாது. இன்னொன்று அம்மாளின் பின்கட்டு.

பெரிய வீட்டுக்காரர் இதற்கெல்லாம் அசரவில்லை. முத்திரையிட்ட உத்தரவை எதிர்த்து அரசிடமே மேல்முறையீடு செய்ய நகர் ஊரமைப்புச் சட்டம் வழி கொடுக்கிறது. மேல்முறையீடு முடியும்வரை உத்தரவை நிறுத்திவைக்கவும் கேட்கலாம். இதைக் குறை சொல்ல மாட்டேன். கீழே ஒரு அதிகாரி பகையாலோ அவசரத்தாலோ வீட்டைப் பூட்டிவிட்டால் மேலே கேட்க ஓர் இடம் வேண்டும். நானே பல கட்சிக்காரர்களுக்கு அந்தக் கதவைத் தட்டித் திறந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதவு சென்னையில் இருக்கிறது. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், வரைபடம் வேண்டும், பொறியாளர் சான்று வேண்டும், கெடு முடிவதற்குள் இப்படியொரு கதவு இருப்பதே தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வாரத்தில் இடைக்காலத் தடை கிடைத்து, மே மாத நடுவில், சீசன் முடிவதற்குள், அவர் வீடு திறந்துகொண்டது. எதிர்வீட்டு அம்மாளோ, அந்த அரக்கு முத்திரையைத் தொட்டால் ஜெயில் என்று மட்டும் அறிந்திருந்தார். அதுவும் சரியான தகவல்தான்.

என்னிடம் இன்னொரு அம்பு இருந்தது. வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்தால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிக்கலாம். எப்போதிலிருந்து என்று கண்டறிய முடியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்குக் கணக்கிடலாம். டீச்சர் பெயரில் புகார் போனது. இந்த முறை மின் வாரியத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பதினெட்டுப் பேர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போய் நின்றார்கள். கணக்குப் போட்டார்கள், கட்டச் சொன்னார்கள். பெரிய வீட்டுக்காரர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முழுத் தொகையையும் கட்டி, இணைப்பையும் வணிகக் கட்டணத்துக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு அப்போது புரியவில்லை. அடுத்த மாதம் அவர் மேல்முறையீட்டில் கூடுதல் ஆவணம் தாக்கல் செய்தார்: வணிகக் கட்டண மின் ரசீது. ‘அரசின் ஒரு துறையே இதை வணிகக் கட்டடமாக ஏற்றுக் கட்டணம் வசூலித்துவரும் நிலையில்…’ என்று தொடங்கியது அந்தப் பத்தி. என் தொழிலில் எதிராளியைப் பார்த்து நான் தொப்பியைக் கழற்றிய சந்தர்ப்பங்கள் குறைவு. அது ஒன்று.

அக்டோபரில் டீச்சர் மறுபடி மாடி ஏறி வந்தார். இந்த முறை பை இல்லை.

“அந்தம்மா வத்தலும் வடாமும் போட்டு விக்குது சார். என்னைப் பார்த்தா சிரிக்குது, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. அதுக்கு ஒரு மனு போடுங்க. ஃபீஸ் நான் தரேன்.”

என்னால் முடியாது என்றேன். பணத்துக்காக இல்லை. தெருவில் தினவாடகைக்கு விடும் எல்லாரும் விதிமீறியவர்கள் என்று எந்த நீதிமன்றத்தில் வாதாடி உத்தரவு வாங்கினேனோ, அதே நீதிமன்றத்தில் இவர் மட்டும் இல்லை என்று நானே எழுந்து சொல்ல முடியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாய் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை ஒழுங்கு. ஆனால் சொல்லவேண்டிய வாதம் எனக்குத் தெரிந்திருந்தது. மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1 முதல் 6 அறைவரை விருந்தினருக்கு விடலாம்; முதல் நிபந்தனை, சொந்தக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். ஆளே இல்லாத வீட்டுக்கும், முன்கட்டில் ஒருத்தி படுத்திருக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு நிபந்தனை பிடித்துவிடுகிறது. அங்கே சத்தம் எழுந்தால் முதலில் தூக்கம் கெடுவது சொந்தக்காரருக்குத்தான். அதனாலேயே சத்தம் எழாது. அந்தத் திட்டத்தில் பதிவு செய்துவிட்டால் கட்டட விதி மன்னிக்கும் என்று சொல்லவில்லை; அம்மாள் பதிவு செய்யவும் இல்லை. ஆனால் எதை விடுதி என்பது, எதை வீடு என்பது என்று பிரிக்க அதைவிட நியாயமான கோடு எனக்குத் தெரியாது. 2018 ஜூலையிலேயே அது எனக்குத் தெரியும். மனுவில் எழுதியிருந்தால் வழக்கு ஒடுங்கிவிடும் என்று எழுதவில்லை.

கீழ்த்தளத்தில் அலுவலகம் வைத்திருக்கும் தோழி ஒருவரிடம் கட்டை ஒப்படைத்தேன். நவம்பரில் மனு விசாரணைக்கு வந்த அன்று, வேறு வேலை இருப்பதுபோல நீதிமன்ற அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளாட்சித் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, தாங்கள் நீதிமன்ற உத்தரவைத்தான் நிறைவேற்றினோம் என்று சொல்லி, அந்த உத்தரவை வாசித்தார். அதற்குள் என் மனுவின் பரிகாரப் பத்தி மேற்கோளாக இருந்தது. என் ஆங்கிலம், என் காற்புள்ளி, அந்த மூன்றெழுத்துச் சொல்.

நீதிபதி கேட்டார்: “இந்த அம்மாள் அந்த வீட்டில் வசிக்கிறாரா?”

“விவரம் பெற்றுச் சொல்கிறேன்,” என்றார் வழக்கறிஞர்.

முதல் புகாரிலிருந்து எண்ணினால், அந்தத் தெருவைப் பற்றி அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை. வசிக்கிறார் என்று அடுத்த வாரம் தெரிவிக்கப்பட்டது. உத்தரவு வந்தது: மனுதாரர் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தால் முத்திரையை அகற்ற வேண்டும். உறுதிமொழியின் வாசகத்தையும் உத்தரவே சொல்லியது. பணம் பெற்றுக்கொண்டு எவரையும் அந்த அறைகளில் தங்கவைக்க மாட்டேன் என்று அம்மாள் கையெழுத்திட்டுக் கொடுத்தார். டிசம்பரில் ஆள் வந்து அரக்கை உரித்துவிட்டுப் போனான். எட்டு மாத மலை ஈரத்தில் உள்ளே இருந்த கம்பளிகள் பூசணம் பிடித்திருந்ததாகத் தோழி சொன்னார்.

பெரிய வீட்டின் மேல்முறையீடு அப்போதும் நிலுவையில் இருந்தது. இடைக்காலத் தடையும் இருந்தது. என்ன இருந்தாலும் ஒரு நல்லது நடந்தது: வாசலில் விளக்குப் போட்டு வீட்டின் பெயரைப் பெரிதாக எழுதிவைத்தார்கள். டீச்சரின் கதவை யாரும் தட்டுவதில்லை.

டீச்சர் தனக்கு வந்த நோட்டீஸுக்கு மேல்முறையீடு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆறடிக்கு எட்டடியை ஆள் வைத்து இடித்து, முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை 42-வது காகிதமாக அந்த நூலில் கோத்தார். நோட்டீஸ் பெற்ற 9 வீடுகளில், உத்தரவை முழுமையாக நிறைவேற்றிய வீடு அது ஒன்றுதான்.